மூன்றாவது வீடு: சத்தமில்லாமல் கடிக்கும் நாயை மூன்று நாய்களோடு சேர்த்த ஒரு வருடப் பதிவு

## பின்னணி

மீட்கப்பட்ட நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். அப்படி வீடு சேர்த்த ஒரு பெட்டை நாயைப் பற்றிய பதிவு இது. வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. நாய்களையும் மூத்தவள், நடுவன், பொடியன், புதியவள் என்றே குறிப்பிடுகிறேன்.

புதியவளுக்கு அப்போது சுமார் மூன்று வயது. அதில் பெரும்பகுதியை நாலடிச் சங்கிலியில் கழித்தவள். மீட்டபோது கழுத்தைச் சுற்றி முடி போய், தோல் தடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு வீடுகளுக்குப் போனாள், இரண்டிலிருந்தும் திரும்பி வந்தாள். இரண்டு வீட்டாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "சும்மா நிக்கிறா, திடீர்னு கடிச்சிடறா. ஒரு சத்தமும் இல்ல."

மூன்றாவதாக அவளைக் கேட்டு வந்தது ஒரு கணவன், மனைவி, பள்ளி முடிக்கும் வயதில் இருந்த அவர்கள் மகள். வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள் இருந்தன. மூத்தவளுக்கு 9 வயது, வீடு முழுக்க அவள் ராஜ்ஜியம். நடுவனுக்கு 5, யாரோடும் ஒத்துப்போகிற ஆண் நாய். பொடியனுக்கு 2 வயது, உருவத்திலும் சின்னவன். புதியவள் உட்பட நால்வருக்கும் கருத்தடை முடிந்திருந்தது.

எனக்குத் தயக்கம் இருந்தது. ஒரே வீட்டு நாய்களுக்குள் வரும் தீவிரமான சண்டைகளில் ஒரே பாலின ஜோடிகள்தான் அதிகம், அதிலும் இரண்டு பெட்டைகள் மோதிக்கொண்டால் காயமும் ஆழம், மறுபடி சேர்த்து வைப்பதும் கடினம். இதை அவர்களிடம் சொன்னேன். ஆனால் இன்னொரு பக்கம் புதியவள் ஏழு மாதமாகக் கூண்டில் இருந்தாள், வேறு யாரும் கேட்டு வரவில்லை. வீட்டில் பிரித்து வைக்க இடம் இருந்தது, வீட்டாரிடம் பொறுமையும் இருந்தது. சரி என்று அனுப்பினேன்.

## முதல் இரண்டு வாரம்: முகமே பார்க்காமல்

முதல் 14 நாள் புதியவளை மற்ற மூவர் கண்ணிலும் படாமல் பின்னறையில் வைத்தோம். தொற்று பயம் ஒரு காரணம்: பார்வோ, டிஸ்டெம்பர், கென்னல் காஃப் போன்றவை உடம்பில் இருந்தால் அறிகுறி காட்ட ஒன்றிரண்டு வாரம் எடுக்கலாம். அதைவிட முக்கியமாக, புது இடத்துச் சத்தமும் வாசனையும் பழகுவதற்கே ஒரு நாய்க்கு நாள் வேண்டும். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று இந்த வேலையில் ஒரு கைக்கணக்கு உண்டு: பயம் தெளிய, வீட்டு ஒழுங்கு புரிய, இது நம்ம வீடு என்று தோன்ற. அடிபட்ட நாய்க்கு அதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளலாம்.

ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் தெரிந்தது, பிளேட்லெட் குறைவாக இருந்தது. டாக்ஸிசைக்ளின் 28 நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வாயைத் திறந்து பார்க்க டாக்டரால் முடியவில்லை, முகத்தருகே கை போனாலே உடம்பு இறுகிவிட்டது. பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

சாப்பிடும்போது அவள் தலையை வலப்பக்கம் சாய்த்தே மெல்வாள், உருண்டைத் தீனியில் பாதி இடது கடைவாயிலிருந்து கீழே விழும். மகள் இதை மூன்றாம் நாளே கவனித்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நானும் படித்தேன். அவசரமாகத் தின்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

## மூன்றிலிருந்து ஐந்தாம் வாரம் வரை

முதலில் வாசனைப் பரிமாற்றம். ஒருவர் படுத்த துணியை இன்னொருவர் பக்கம் போட்டோம். அப்புறம் பக்கவாட்டு நடை: திறந்தவெளியில் நாற்பதடி இடைவெளி விட்டு, ஆளுக்கொரு நாயாக ஒரே திசையில் நடப்பது. இரண்டு நாய்களும் மண்ணை மோப்பம் பிடித்துக்கொண்டு தளர்ந்த உடம்போடு போனால் மறுநாள் இரண்டடி நெருங்கலாம். ஒன்று முறைத்தால் பழைய இடைவெளிக்கே திரும்ப வேண்டும். நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தி 'ஹலோ சொல்லு' என்பது நாய் உலகில் மரியாதையே இல்லை. அவை ஒன்றையொன்று வளைந்து சுற்றி வந்து, பின்பக்கம் மோந்து பார்த்துத்தான் அறிமுகமாகும்.

நடுவனோடு இது எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்தது. ஐந்தாம் வாரம் நீளக் கயிற்றில் விட்டபோது முன்னங்காலை மடக்கி, பின்புறத்தைத் தூக்கி விளையாடக் கூப்பிட்டதே புதியவள்தான். பொடியனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவன் அவளைக் கண்டால் ஒதுங்கினான், அவளும் அவனை விட்டுவிட்டாள்.

மூத்தவளோடு நடை ஒழுங்காகவே போனது, வீட்டுக்குள்தான் சிக்கல். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு நடை வழி. அதில் தடுப்பு கேட் போட்டிருந்தோம். பின்னறையிலிருந்து வெளியே போக புதியவளுக்கு அது ஒன்றுதான் வழி. அந்த கேட்டின் இரண்டு பக்கமும் நின்று அவ்வப்போது பாய்ந்துகொண்டார்கள். கேட் இருக்கிறதே என்று எல்லாரும் சற்று அலட்சியமாக இருந்தோம்.

நடுவனோடு நன்றாகப் போனதைப் பார்த்து, "இன்னும் ஒரு வாரத்துல கேட்டைத் திறந்து பாக்கலாம்" என்று சொன்னது நான். அது தவறு. ஒரு நாயோடு ஒத்துப்போவது இன்னொரு நாயோடு ஒத்துப்போவதற்கு அத்தாட்சி ஆகாது. ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கைத் தனியாகத்தான் தொடங்க வேண்டும்.

## ஆறாம் வாரம்: சண்டை

கேட் திறந்த இரண்டாம் நாள் மாலை, அதே நடை வழியில், இருவரும் பிடித்துக்கொண்டார்கள். கணவர் ஓடிப்போய் புதியவளின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். அவள் திரும்பிய வேகத்தில் அவர் கையில் இரண்டு பல் ஆழமாக இறங்கியது. சண்டையில் இருக்கும் நாய்க்கு, பின்னாலிருந்து பிடிப்பது யாரென்று தெரியாது. மூத்தவளுக்குக் காது கிழிந்தது.

செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கடிபட்ட கையை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தும் அவர் ரேபிஸ் ஊசியைத் தவிர்க்கவில்லை, நாயையும் 10 நாள் கண்காணித்தார்கள்.

மறுநாள் நான் போனபோது வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அந்த அம்மா என்னிடம், "அக்கா, திருப்பி அனுப்பினா அவளுக்கு இனி யார் இருக்கா?" என்றார். கணவர் பேசவே இல்லை, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் முன் இருந்தவை மூன்று: திருப்பி அனுப்புவது, நாயே இல்லாத வேறு வீடு தேடுவது, அல்லது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பார்ப்பது. மூன்றாவதை எடுத்தோம், ஆனால் நிபந்தனையோடு: இரண்டு மாதத்துக்குள் மாற்றம் தெரியாவிட்டால் இரண்டாவது வழி. இப்படி ஒரு கெடு வைத்தது அந்தக் குடும்பத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

அன்றே முழுப் பிரிப்பு. ஒருத்தி கூடத்தில் என்றால் மற்றவள் பூட்டிய அறையில், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி விடுவது. நடுவில் இரண்டு தடுப்பு, ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்க வேண்டும். அடுத்த முறை சண்டை வந்தால் கழுத்தருகே யாரும் கை வைக்கக் கூடாது: கெட்டிப் போர்வையை மேலே போடுவது, பலகையை நடுவில் இறக்குவது, அதுவும் ஆகாவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுப்பது. எல்லாரையும் இரண்டு முறை வெறும் கையால் செய்துபார்க்கச் சொன்னேன்.

உறவினர் ஒருவர், மல்லாத்திப் போட்டு அமுக்கினால் யார் தலைவர் என்று அதற்குப் புரியும் என்று யோசனை சொன்னார். கூடாது என்று உறுதியாக மறுத்தேன். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாயை அப்படி அமுக்கியவர்களில் 31 சதவீதம் பேரும், அடித்தவர்கள் உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரும் நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன் என்ற பொருளில் 'ஆல்ஃபா' என்ற சொல்லைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்த ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் அவர்களே, காட்டு ஓநாய்க் கூட்டம் தாயும் தகப்பனும் பிள்ளைகளுமான ஒரு குடும்பம்தான் என்று 1999-இல் எழுதி, அந்தச் சொல்லைக் கைவிட்டார்.

## நோட்டும் கேமராவும் காட்டியவை

அன்று இரவு மகளின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆறு வாரத்தில் மூத்தவளுக்கும் புதியவளுக்கும் நடுவே 11 உரசல்கள் பதிவாகியிருந்தன. ஒன்று சாப்பாட்டு நேரத்தில், ஒன்று வாசல் மணி அடித்தபோது, ஒன்று சோபா பக்கத்தில். மீதி எட்டும் நடை வழியில். எட்டில் ஏழு முறை 'மூத்தவள் ரப்பர் மேட்டில் படுத்திருந்தாள்' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தாள். படுத்திருந்த நாய் என்ன செய்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

கேட்டை மறுபடி மூடி, ஓட்டை தெரியாதபடி கீழ்ப்பாதியில் மட்டும் அட்டை கட்டி, அலமாரியில் ஒரு ஃபோனை வைத்து அந்த இடத்தை மூன்று நாள் படம் பிடித்தோம். ஒரு காட்சியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். மூத்தவள் மேட்டில் முன்னங்காலில் முகத்தை வைத்துப் படுத்திருக்கிறாள். அட்டைக்கு மேலே புதியவள் தலை தெரிந்ததும் இவள் வாய் மூடுகிறது. காது முன்னே வருகிறது. இமைக்கவே இல்லை. புதியவள் முகத்தைத் திருப்புகிறாள், உதட்டை நக்குகிறாள், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்கிறாள். இவை எல்லாம் 'எனக்குச் சண்டை வேண்டாம்' என்று நாய் சொல்லும் வார்த்தைகள். மூத்தவள் பார்வையை எடுக்கவில்லை. புதியவளுக்கு இரண்டு பக்கமும் சுவர். அடுத்த நொடி பாய்கிறாள். மொத்தம் ஏழு விநாடி. உறுமல் இல்லை, பல் காட்டல் இல்லை. நேராகப் பாய்ச்சல்.

கணவர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "அப்போ நம்ம கிழவிதான் ஆரம்பிக்கிறாளா?" என்றார். ஆறு வாரமாக வீடு மொத்தமும் குற்றவாளி என்று நினைத்தது வேறு ஒருத்தியை.

இரண்டு கேள்விகள் மிஞ்சின. புதியவள் ஏன் உறுமவே இல்லை? மூத்தவள் ஏன் எப்போதும் அங்கேயே படுக்கிறாள்?

முதல் கேள்விக்குப் பதில் பழைய வீட்டில் கிடைத்தது. இரண்டாவதாக வைத்திருந்தவர்களை நானே கூப்பிட்டு, குறை சொல்லாமல் பேச்சுக் கொடுத்தேன். ஆரம்பத்தில் நிறைய உறுமியதாகவும், ஒவ்வொரு உறுமலுக்கும் சங்கிலியைச் சுண்டி இழுத்து அதை நிறுத்தியதாகவும் சொன்னார்கள். உறுமலைத்தான் நிறுத்தினார்கள், பயம் அப்படியே இருந்தது. உறுமலுக்கும் கடிக்கும் நடுவே இருந்த படிக்கட்டு மொத்தமும் போய்விட்டது.

இரண்டாவது கேள்விக்கு விடை தரையில் இருந்தது. கூடம் முழுக்க வழவழப்பான டைல்ஸ். கால் வழுக்காத ஒரே இடம் நடை வழியில் போட்டிருந்த ரப்பர் மேட். எக்ஸ்ரே எடுத்தபோது மூத்தவளின் இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம். டைல்ஸில் எழுந்திருக்கக் கால் பரப்பிக்கொண்டு போகும், மேட்டில் எழுந்திருக்க முடியும். நகர வலிக்கிற நாய், தன்னைக் கடந்து போகப் பார்க்கும் இளம் நாயைக் கண்ணாலேயே தள்ளி நிறுத்தப் பார்த்திருக்கிறது.

புதியவளையும் மயக்கம் கொடுத்து வாயைத் திறந்து பார்த்தார்கள். இடது மேல் கடைவாயில், இறைச்சி கிழிக்கும் பெரிய பல் பக்கவாட்டில் பிளந்து, உள்ளே நரம்புள்ள கூழ் தெரிந்தது. சங்கிலியையும் கூண்டுக் கம்பியையும் கடிக்கும் நாய்களுக்கு வருவது. அந்தப் பல்லோடுதான் எங்களிடம் ஏழு மாதமும், இந்த வீட்டில் ஏழு வாரமும் இருந்திருக்கிறாள். நடத்தைப் பிரச்சினை என்று நிபுணர்களிடம் வரும் நாய் பூனைகளில் குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றில் ஒன்றுக்கு ஏதாவது வலி இருப்பதாக 2020-இல் டேனியல் மில்ஸ் குழுவினர் எழுதினார்கள். அதை நான் முன்பே படித்திருக்கிறேன், பிறருக்கும் சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் இரண்டு நாய்க்கும் வலி இருந்தது, இரண்டையும் தவறவிட்டேன்.

## எடுத்த முடிவுகள்

பல்லைப் பிடுங்கினார்கள். மூத்தவளுக்கு மூட்டு வலிக்கு மாத்திரை ஆரம்பித்தது. நடை வழி மேட்டை எடுத்துவிட்டு, கூடத்தில் ஆறு மேட் போட்டு, சுவரோரம் அவளுக்குக் கெட்டியான படுக்கை ஒன்று அமைத்தோம். பின்வாசலை மறைத்து நின்ற பீரோவை நகர்த்தியதில் புதியவளுக்கு வெளியே போக இன்னொரு வழி கிடைத்தது. இந்த இரண்டையும் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. நாங்கள் செய்த எதையும்விட இதுதான் அதிகம் மாற்றியது என்பது என் கணிப்பு.

சாப்பாடு தனித்தனி அறையில், கதவு சாத்தி. கடித்து மெல்லும் பொருள் எதுவும் பொது இடத்தில் கிடையாது. புதியவளுக்குக் கூடை மாதிரியான வாய்க்கவசம் பழக்கினோம், வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் முடியும். அதற்குள் தானாக மூக்கை விடும்வரை பத்து நாள் காத்திருந்தோம்.

அப்புறம் இருவரையும் பழக்கும் பயிற்சி. தூரத்தில் மூத்தவள் தெரிந்தால் புதியவளுக்கு இறைச்சித் துண்டு, மூத்தவள் மறைந்தால் துண்டும் நிற்கும். இதில் வரிசைதான் முக்கியம். முதல் வாரம் நாங்கள் துண்டை முதலில் நீட்டி அப்புறம் மூத்தவளைக் காட்டிக்கொண்டிருந்தோம். விளைவு, துண்டைக் கண்டாலே அவள் சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், யாரோ வரப் போகிறார்கள் என்று. வரிசையைத் திருப்பிய பிறகு சில நாளில், மூத்தவளைப் பார்த்ததும் மகளின் கையைத் திரும்பிப் பார்த்தாள்.

உறுமினால் யாரும் திட்டக் கூடாது என்பது இன்னொரு விதி. உறுமினால் அது தகவல். உடனே எதிரில் இருக்கிற நாயைக் கூப்பிட்டு விலக்க வேண்டும், உறுமியவளுக்கு அந்த இடைவெளியே பதில்.

பல் பிடுங்கி ஐந்தாவது வாரம், ராத்திரி ஒன்பதரை மணிக்கு மகளிடமிருந்து ஃபோன். மூச்சு வாங்க, "அக்கா, உறுமினா! பொடியன் அவ படுக்கைகிட்ட போனான், உறுமினா. நான் அவனைக் கூப்பிட்டுட்டேன், அவ திரும்பப் படுத்துட்டா!" என்றாள். பின்னால் அவள் அப்பா எதையோ கேட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வீடு மாறிய ஒரு நாய் மறுபடி வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொன்ன நாள் அது. அன்று எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

## அதன் பிறகு

வைத்த கெடு முடிந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஐந்தாம் மாதம் இருவரும் கயிற்றோடு கூடத்தில் இருபது நிமிடம் சேர்ந்திருந்தார்கள். ஏழாம் மாதம் கயிறு தரையில் இழுபட, வாய்க்கவசம் இல்லாமல். எட்டாம் மாதம் சோபா பின்னால் உருண்ட பந்துக்காக ஒரு மோதல் வந்தது. புதியவள் உறுமினாள், பல்லைக் காட்டினாள், மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். யாருக்கும் கீறல்கூட இல்லை. பந்துகள் எல்லாம் பெட்டிக்குள் போயின.

ஒரு வருடம் ஆகிறது. நடுவனும் புதியவளும் தினமும் விளையாடுகிறார்கள். மூத்தவளும் அவளும் சிநேகிதிகள் ஆகவில்லை, ஆவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரே கூடத்தில் ஆறடி தள்ளித் தள்ளிப் படுத்துத் தூங்குகிறார்கள். ஆள் இல்லாதபோது இருவரையும் சேர்த்து விடுவதில்லை, இரவில் கதவு சாத்தித்தான் இருக்கிறது. இது அவர்கள் இருக்கும்வரை இப்படித்தான் என்று வீட்டாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

## மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

வாயைப் பார்க்க விடாத நாயை மயக்கம் கொடுத்தாவது பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். ஒரு பக்கமாக மெல்லும் நாய், கீழே சிந்தும் தீனி, இவற்றைப் பழக்கம் என்று விட மாட்டேன். புது நாய் வருவதற்கு முன்னால் வீட்டு நாய்களையும் டாக்டரிடம் காட்டச் சொல்வேன், அதிலும் ஏழு வயது தாண்டியவற்றின் மூட்டை. பழைய வீட்டாரிடம் 'கடித்ததா' என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், 'உறுமினால் என்ன செய்தீர்கள்' என்றும் கேட்பேன். கேட் போடும் முன் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து பார்ப்பேன், ஒரு நாய்க்கு விலகிப் போக எங்கே வழி இருக்கிறது, எங்கே இல்லை என்று. கணவர் கையில் இன்னும் இரண்டு தழும்பு இருக்கிறது. அவருக்கு முதல் நாளே போர்வையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டாள். நோட்டை இப்போது அப்பா எழுதுகிறார். சென்ற மாதம் மூத்தவள் மாடிப்படி ஏறத் தயங்குவதாக ஒரு வரி எழுதியிருந்தார். மாத்திரை அளவை டாக்டர் திருத்தும்வரை நடை வழியில் கேட்டை மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.